ஓல்ட்ஸ்மொபைலைக் கொன்றது யார்?

பிளிமத், பான்டியாக், மெர்க்குரி, சாட்டர்ன் என்று நின்றுபோன கார்களின் பெயரைச் சொல்லி உருகும் அமெரிக்கர்கள் இன்றும் உண்டு. அதை முதியவர்களின் வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓல்ட்ஸ்மொபைலையே எடுத்துக்கொள்வோம். 1897-இல் ரான்சம் ஓல்ட்ஸ் தொடங்கியது. 1908-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போனது. கிளட்ச்சை மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியரை 1940 மாடலிலேயே கொண்டுவந்தது. 1976-இல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற கார் அதன் கட்லஸ்தான். அப்புறம் என்ன ஆயிற்று? செலவை மிச்சம்பிடிக்க, ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய ஒரே காருக்கு செவர்லே, பியூக், ஓல்ட்ஸ்மொபைல் என்று தன் பல பெயர்களை ஒட்டியது. ஓல்ட்ஸ்மொபைல் எஞ்சின் என்று நம்பி வாங்கியவர்கள், உள்ளே செவர்லே எஞ்சின் இருப்பதைக் கண்டு 1977-இல் வழக்குத் தொடுத்தார்கள். பியூக்குக்கும் ஓல்ட்ஸ்மொபைலுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால், எதை நம்பி ஒருவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்? 2004 ஏப்ரலில், லான்சிங் ஆலையிலிருந்து கடைசி ஓல்ட்ஸ்மொபைல் காரான ஓர் அலெரோ வெளிவந்தது. ஜப்பான் கார்களின் போட்டி கடுமையாக இருந்தது உண்மைதான். ஆனால் முதல் அடி வீட்டுக்குள்ளிருந்தே விழுந்தது. பெயரை வைத்துக்கொண்டு சரக்கை மாற்றும் நிறுவனத்தை வாடிக்கையாளர் மன்னிப்பதில்லை.