பாட்டி இருந்தால் போதுமா?

கூட்டுக்குடும்பத்தில் பாட்டி இருந்தவரை பெற்றோருக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை, திரையில் பேசுவது சிகிச்சையே அல்ல என்கிறார், இணையவழி மனநல ஆலோசனையை எதிர்த்து எழுதிய கட்டுரையாளர் ஒருவர். அந்தக் கூட்டுக்குடும்பத்தில் மாமியாரைப் பற்றிய மனக்குறையை மருமகள் யாரிடம் சொன்னாள்? மாமியாரிடமா? அவள் விழுங்கியதைத்தான் நாம் நிம்மதி என்று எண்ணிக்கொண்டோம்.

இன்றும் நேரில் ஆலோசனை பெற வேண்டுமானால், கைக்குழந்தையோடு பஸ் ஏறி, மனநலப் பிரிவு வாசலில் ஊர்க்காரர் கண்ணில் படாமல் அவள் காத்திருக்க வேண்டும். மாறாக, 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைத்தால் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். (திரைகூட வேண்டாம், பட்டன் போன் போதும்.)

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒற்றை அறை வீட்டில், கணவர் பக்கத்திலேயே இருக்கும்போது, அவள் எங்கே நின்று பேசுவாள்? அதைக் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். அவரோ பாட்டி புராணம் பாடுகிறார்.