ஒரு ஊசியின் சாட்சியம்

கல்லூரியில் தாவரவியல் படித்தவர்களுக்கு அந்த மதிய நேரம் மறந்திருக்காது. இடது கையில் பிளந்த காரட் துண்டு, அதன் நடுவில் செருகிய பைன் ஊசி, வலது கையில் புது பிளேடு. பத்து சீவல் சீவினால் ஒன்று தேறும். அதை சாஃப்ரனின் சாயத்தில் நனைத்து, கிளிசரின் சொட்டில் கிடத்தி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினால் சிவப்பாக ஒரு கோலம் தெரியும். படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மார்க் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இது எதற்கு என்று நாமும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

உலகில் சுமார் 110 பைன் இனங்கள் இருக்கின்றன. மரம் எதிரே நின்றால் மைக்ராஸ்கோப் தேவையே இல்லை. பட்டை, கூம்பு, ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று பார்த்தால் போதும். இமயத்தின் கீழ்ச் சரிவுகளில் நிற்கும் சிர் பைனுக்குக் கொத்துக்கு மூன்று ஊசி, ஒவ்வொன்றும் 20 முதல் 30 செ.மீ. நீளம். அதற்கு மேலே வளரும் நீல பைனுக்கு ஐந்து. ஹிமாசல பிரதேசத்தின் கின்னோரில் பருப்புக்குப் பேர்போன சில்கோஜாவுக்கும் மூன்றுதான், ஆனால் குட்டையாக, விறைப்பாக இருக்கும். சரி, மரமும் இல்லை, கொத்தும் இல்லை, கையில் இருப்பது விரற்கடை நீளத் துணுக்கு ஒன்றுதான் என்றால்?

அப்போதுதான் அந்தச் சீவல் பேச ஆரம்பிக்கிறது. ஒரு கொத்திலுள்ள ஊசிகளைச் சேர்த்துப் பிடித்தால் ஒரு உருளை. எனவே ஒவ்வொரு ஊசியும் வட்டத்தில் வெட்டிய ஒரு துண்டு. ஐந்து ஊசிக் கொத்தில் அதன் உள்முனைக் கோணம் சுமார் 72 டிகிரி, மூன்றில் 120, இரண்டில் அரைவட்டம். உதிர்ந்த ஒற்றை ஊசியே தனக்கு எத்தனை சகோதரர்கள் என்று சொல்லிவிடுகிறது.

மூன்று ஊசி என்று தெரிந்தாயிற்று. சிர்ரா, சில்கோஜாவா? சீவலின் நடுவே பார்க்க வேண்டும். நீரும் உணவும் செல்லும் வாஸ்குலார் கற்றை சில்கோஜாவில் ஒன்றே ஒன்று. சிர்ரில் அடுத்தடுத்து இரண்டு, மூக்கின் இரு துவாரங்கள் போல. இது அற்ப வித்தியாசம் அல்ல. கோனே என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1893ல் பைன் பேரினத்தையே இதை வைத்துத்தான் இரண்டாகப் பிரித்தார். ஒற்றைக் கற்றை ஒரு பக்கம், இரட்டைக் கற்றை மறுபக்கம். மரபணு ஆய்வுகள் வந்த பிறகும் அந்தப் பிரிவினை பெருமளவு நிலைத்து நிற்கிறது. பிளேடு ஒன்றை வைத்துக்கொண்டு செய்த வேலைக்கு இது பெரிய விஷயம்.

அதற்கு முன்பே, 1880ல், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் எங்கல்மான் ரெசின் குழாய்களைக் கவனித்திருந்தார். அவை தோலை ஒட்டி இருக்கின்றனவா, நடுவில் மிதக்கின்றனவா, உள்ளே மையத்தைத் தொடுகின்றனவா என்பது இனத்துக்கு இனம் மாறும். ஆனால் குழாய்களின் எண்ணிக்கையை நம்பி ஏமாறக் கூடாது. ஒரே மரத்தில்கூட அது மாறும். ஊசியின் நுனியில் வெட்டினால் ஒன்று, நடுவில் வெட்டினால் வேறொன்று. நடுவில் வெட்டுவதுதான் முறை. இவ்வளவு பார்த்தும் பிடிபடாத ஜோடிகள் உண்டு. மேகாலயாவின் காசி பைனுக்கும் மூன்று ஊசி, இரண்டு கற்றை. அங்கே ஊசி கிடைத்த இடம்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

உத்தராகண்டில் இது வெறும் ஆய்வக விளையாட்டாக இல்லாமல் போகலாம். ரெசினுக்காகவும் மரத்துக்காகவும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வனத்துறை சிர் பைனைப் பரப்பியது, தீவனமும் ஊற்றுநீரும் தந்த ஓக் காடுகள் சுருங்கின என்பது மலைக் கிராமங்களின் நெடுநாள் ஆதங்கம். 1921ல் குமாவுன் மக்கள் வனச் சட்டங்களை எதிர்த்துக் காட்டுக்குத் தீ வைத்தபோது எரிந்ததில் பெரும்பகுதி சிர் காடு. காய்ந்த தெற்குச் சரிவுகள் எப்போதும் சிர்ரின் சொந்த இடம்தான் என்பது எதிர்த் தரப்பு. 1995, 2016, 2024 என்று பெரிய காட்டுத்தீ வரும்போதெல்லாம் இந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. எரிவது ஏன் என்பதற்கும் அந்தச் சீவலிலேயே பதில் இருக்கிறது: மெழுகுத் தோல், அதற்கடியில் தடித்த சுவர் கொண்ட செல்கள், உள்ளே ரெசின். எளிதில் மக்காது, எளிதில் பற்றும்.

சரி, எந்தச் சரிவில் முன்பு எது நின்றது? ஏரிகளின் அடிச் சேற்றில் மகரந்தம் தேடுவது வழக்கமான வழி. பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப் பைகள் உண்டு. பல நூறு கி.மீ. பறக்கும். சேற்றில் அது கிடைத்தால் எங்கேயோ ஒரு பைன் இருந்தது என்று மட்டும் அர்த்தம். ஊசி அப்படிப் பறக்காது. மரத்தடியிலோ, கொஞ்சம் தள்ளியோ விழும். அதே மெழுகுத் தோல் சேற்றில் அதைக் காப்பாற்றுகிறது. ஊசியே சிதைந்து போனாலும் வரிசையாய் அமைந்த இலைத்துளைகளின் காவல் செல்கள் மிஞ்சுவதுண்டு. ஆக, கற்றை இரண்டு தெரியும் ஒரு துணுக்கு, எந்த ஆழத்துச் சேற்றில் கிடைக்கிறதோ அந்தக் காலத்தில் சிர் அருகில்தான் நின்றது என்று சொல்லும்.

வயல் மண்ணில் கிடைத்த ஊசியை மட்டும் இந்த வழக்கில் சாட்சியாக ஏற்க முடியாது. பிரூல் என்று அவர்கள் சொல்லும் சிர் சருகை மலைக் கிராமத்துப் பெண்கள் காட்டிலிருந்து சுமந்து வந்து மாட்டுத் தொழுவத்தில் பரப்புகிறார்கள். பிறகு அது சாணத்தோடு எருவாக வயலுக்குப் போகிறது. அங்கே ஊசியைக் கொண்டுவந்து போட்டது மரமல்ல.