மாருத்: தோத்தது விமானம் இல்லீங்க!

பெங்களூர் கஸ்தூர்பா ரோட்ல இருக்கிற விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குப் போயிருக்கீங்களா? வெளியிலேயே ஒரு பழைய போர் விமானம் நிக்கும். போன தடவை என் பையன், "இது என்னப்பா?"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல நின்ன ஒருத்தர், "அது சும்மா ஃபெயிலியர் தம்பி"ன்னு முடிச்சுட்டார். அந்த எரிச்சல்ல எழுதுற பதிவு இது.

அது எச்.எஃப்-24 மாருத். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். இரண்டாம் உலகப் போரில் ஃபோக்க வுல்ஃப் 190-ஐ உருவாக்கிய ஜெர்மானியர் குர்ட் டாங்க், 1956-ல் பெங்களூர் எச்.ஏ.எல்.லுக்கு வந்து நம்ம ஆட்களோட சேர்ந்து வரைஞ்சது. முதல்ல முழு அளவுல மரத்தாலேயே ஒரு கிளைடர் செஞ்சு பறக்கவிட்டுப் பார்த்தாங்க. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் நிஜ விமானத்தை ஓட்டினார்.

இலக்கு, ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். உடம்பு ரெடி. எஞ்சின்?

பிரிட்டனோட ஆர்ஃபியஸ் 12 வரும்னு நம்பித்தான் டிசைனே போட்டாங்க. அதை உருவாக்கி முடிக்கப் பணம் கேட்டப்போ நம்ம அரசு தரலை. வேற வழியில்லாம, சக்தி குறைஞ்ச ஆர்ஃபியஸ் 703 ரெண்டை மாட்டினாங்க. ஒலி வேகத்தைத் தொடவே திணறல். அப்புறம் எகிப்து செஞ்சுக்கிட்டிருந்த எஞ்சினை நம்பினோம். அதுவும் பாதியிலேயே நின்னு போச்சு. நாமளே ஆஃப்டர்பர்னர் வச்சுப் பார்த்தோம். 1970 ஜனவரியில் அந்தச் சோதனை விமானம் விழுந்து, முதல்முதலா மாருத்தை ஓட்டிய அதே சுரஞ்சன் தாஸ் உயிரை விட்டார்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் 1971 போர். ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்குப் போன மாருத்கள்ல ஒண்ணைக்கூட எதிரி விமானத்தால வீழ்த்த முடியலை. மொத்தம் 147 கட்டினோம். 1990-ல் ஓய்வு கொடுத்தாச்சு.

"அன்னிக்கு சோத்துக்கே கப்பல்ல கோதுமை வந்துது, எஞ்சினுக்கு எங்கே போறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா மிச்சம் பிடிச்சது நிஜமாவே மிச்சமாச்சா? மாருத் பறந்தது 1961. அடுத்து நாமளே டிசைன் பண்ணின போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001. நாப்பது வருஷ இடைவெளி! கத்துக்கிட்டவங்க ரிட்டயர் ஆயிட்டாங்க, கை பழகினது விட்டுப்போச்சு.

சரி, தேஜஸுக்காவது பாடம் படிச்சோமா? 1989-ல் ஆரம்பிச்ச காவேரி எஞ்சின் தேறலை. அமெரிக்க எஞ்சின்தான். 2021-ல் 83 தேஜஸ் மார்க் 1ஏ ஆர்டர் போட்டாச்சு. அதுக்கான முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்.

எஞ்சின்ங்கறது கடைசியா கடையில வாங்கி மாட்டிக்கிற சாமான் இல்லை. விமானத்துக்கு முன்னாடியே அதுக்குத்தான் பணம் போடணும், தோத்தாலும் விடாம போடணும். என் கட்சி அவ்வளவுதான்.

அன்னிக்கு அந்தப் பெரியவர்கிட்ட இதைச் சொல்லலை. பையன்கிட்ட மட்டும் சொன்னேன். "அப்ப ஃபெயில் ஆனது யாருப்பா?"ன்னான். நீங்களே பதில் சொல்லுங்க, சண்டை போடவும் நான் ரெடி :-)