விடுதி விருந்தும் ஊரின் சுவையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரை வரவேற்றுத் தாம் உண்ணும் உணவையே அவருக்கும் படைப்பதை நம் முன்னோர் விருந்தோம்பல் என்றனர். வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். இன்று வணிகத்திற்காகவும் பணிக்காகவும் அயல்நாடு செல்லும் நம்மவரை, "எம் நாட்டுச் சுவையும் பண்பாடும் இங்கேயே கிடைக்கும்" என்று உயர்தர விடுதிகள் அழைக்கின்றன. அவ்வழைப்பு எவ்வளவு மெய்யானது என்பது எண்ணத் தக்கது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். 1887இல் ஆர்மீனியரான சார்க்கீஸ் உடன்பிறந்தார் தொடங்கிய ராஃபிள்ஸ் விடுதி உலகப் புகழ் பெற்றது. 1987இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது ஆங்கிலேயர் ஆட்சியில் மேனாட்டுப் பயணிகளின் வசதிக்காக எழுந்தது. அவ்வூர் மக்களின் நாவறிந்த உணவோ தெருவில் வளர்ந்தது. சுல்தான் பள்ளிவாசலின் அருகே 1908 முதல் நடைபெறும் சம்சம் உணவகத்தின் முர்தபாவை அங்கு அறியாதார் இலர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் உண்ணும் அங்காடி உணவுப் பண்பாட்டையே யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

பினாங்கின் நாசி கண்டாரும் அத்தகையதே. நாசி என்பது மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடி. சோற்றையும் குழம்பையும் காவடியாகச் சுமந்து தொழிலாளர்க்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு அப்பெயரிலேயே நிலைத்துள்ளது. இதே உணவை விடுதியில் வெள்ளித் தட்டில் வைக்கலாம். அந்த வாழ்வை வைக்க இயலாது. பல நாட்டாரும் முகஞ்சுளிக்காமல் உண்ண வேண்டுமெனக் காரத்தையும் மணத்தையும் குறைப்பது விடுதிச் சமையலின் வழக்கம். விசைத்தறித் துணியில் கைத்தறி முத்திரை குத்தினால் அது கைத்தறி ஆகாது என்பதைச் சோமனூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும், ஆடம்பரமே குற்றம் என்பது நம் கருத்தன்று. தூய்மையும் பாதுகாப்பும் நாடும் முதியோர்க்கு நல்ல விடுதி இன்றியமையாதது. ஜப்பானின் ரியோகான் என்னும் மரபு விடுதிகள் சில மிகுந்த விலையுடையவை. ஆனால் அந்தந்தப் பருவத்தில் அவ்வட்டாரத்தில் விளைந்ததை அம்மண்ணின் முறைப்படியே சமைத்துப் பரிமாறுகின்றன. ஊரோடு வேர் கொண்டிருந்தால் உயர்ந்த விடுதியும் உண்மையான விருந்தளிக்கும்.

இவ்வளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்போம். துணி வாங்கக் கோவைக்கு வரும் அயலூர் வணிகர், அரிசியும் பருப்பும் கலந்த சோற்றையும் கொள்ளுப் பருப்பையும் சந்தகையையும் ஒப்புட்டையும் சுவைத்துச் செல்கிறாரா? நம் வீட்டு விழாக்களிலேயே இவற்றை எளியவர் உணவென ஒதுக்கிவிட்டு, விடுதிக்காரர் இவற்றைப் போற்றவில்லை எனக் குறை கூறுவது முறையாகுமா?

மாணவர்களே! நாளை நீங்கள் எந்நாடு செல்லினும் விடுதியில் தங்குங்கள். ஒரு வேளையேனும் அவ்வூரார் உண்ணுமிடத்தில் அவரோடு அமர்ந்து உண்ணுங்கள். நம் ஊர் தேடி வருவோர்க்கும் நம் வீட்டு உணவையே நாணமின்றிப் படையுங்கள்.