பேட்டரி மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

பாய்மரப் படகு காற்றில்தானே ஓடுகிறது, அதற்கு எதற்கு மின்சாரம்? லின், லாரி பார்டி தம்பதியரைக் கேட்டால் தேவையே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1968இல் கடலில் இறக்கிய ‘செராஃபின்’ என்ற 24 அடிப் படகில், எஞ்சின் இல்லாமல், மண்ணெண்ணெய் விளக்குகளோடு உலகத்தையே சுற்றி வந்தவர்கள் அவர்கள்.

ஆனால் எல்லாரும் பார்டிகள் ஆகிவிட முடியாது. இங்கிலாந்தின் லிமிங்டனில் 1970களில் கட்டப்பட்ட காண்டெஸ்ஸா 32 போன்ற சிறு படகுகள் இன்றும் கடலில் ஓடுகின்றன. அவை கட்டப்பட்ட காலத்தில் பேட்டரிக்கு இருந்த வேலை எஞ்சினைக் கிளப்புவது, நாலைந்து பல்பு எரிப்பது, ரேடியோ பேசுவது, அவ்வளவுதான். இன்று அதே படகில் ஃபிரிட்ஜ், ஆட்டோபைலட், வரைபடத் திரை, லேப்டாப், செல்போன் எல்லாம் ஏறிவிட்டன. விளைவு? நடுராத்திரியில் பேட்டரி படுத்துவிடுகிறது. விடிந்ததும் சொந்தக்காரர் லித்தியம் பேட்டரி என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்குகிறார்.

இந்த வரிசைதான் தவறு. லித்தியம் நல்ல பொருள்தான். ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலில் மட்டும் அளக்காமல் போடலாமா?

முதலில் செலவு

32 அடிப் படகு ஒன்று ஒரு பகலும் ஓர் இரவும் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரத்தை ஆம்பியர்-மணியில் உத்தேசமாக எழுதினால் இப்படி வரும்: ஃபிரிட்ஜ் 40, ஆட்டோபைலட் 40, வரைபடத் திரை 24, பாய்மர உச்சியில் எரியும் 25 வாட் பல்பு 20, கேபின் விளக்குகள் 10, ரேடியோ 10, போன், லேப்டாப் 15. மொத்தம் 159.

வரவு? பழைய படகில் பெரும்பாலும் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டு இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்குமே, அதே இனம்தான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் இவற்றின் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, 200இல் நிம்மதியாக எடுக்கக்கூடியது 100தான். தேவையோ 159. விடியும் முன்பே பேட்டரி படுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இப்போது பேட்டரியைத் தொடாமல் செலவை மட்டும் குறைத்துப் பார்க்கலாம். உச்சி விளக்கை எல்.இ.டி. ஆக்கினால் 20 என்பது 2 ஆகிவிடும். கேபின் விளக்குகளும் அப்படியே 10இலிருந்து 2. ஃபிரிட்ஜ் பெட்டியைச் சுற்றி நுரைத் தகடு கனமாக வைத்து, மூடியின் இடுக்கையும் அடைத்தால் 40ஐ 25க்குக் கொண்டுவரலாம். வரைபடத் திரையைத் தேவைப்படும்போது மட்டும் போட்டால் 10 போதும். ஆட்டோபைலட்டுக்குப் பதிலாகக் காற்றின் திசையை வைத்தே சுக்கான் பிடிக்கும் விண்ட்வேன் பொருத்தினால், பாய் விரித்து ஓடும்போது அந்த 40 அப்படியே மிச்சம். விண்ட்வேன் விளையாட்டுச் சாமான் அல்ல! எலக்ட்ரானிக் ஆட்டோபைலட்டுக்கு அனுமதியில்லாத கோல்டன் குளோப் பந்தயத்தில் உலகம் சுற்றுகிறவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். 2022-23 பந்தயத்தில் இரண்டாவதாக வந்த நம் அபிலாஷ் டோமியும் அப்படிப் போனவர்தான்.

புதுக் கணக்கு: 64. அதே பழைய பேட்டரி இப்போது ஒன்றரை நாள் தாங்கும். 200 வாட் சோலார் பேனல் ஒன்றை நிழல் விழாத இடத்தில் வைத்தால், நல்ல வெயிலில் நாளுக்கு 50, 60 ஆம்பியர்-மணி திரும்ப வரும். வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாகிவிட்டது!

ஒரே ஓர் எச்சரிக்கை. மலிவான எல்.இ.டி. விளக்குகள் எழுப்பும் மின் இரைச்சல் ரேடியோவையும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியையும் கெடுக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018இல் எச்சரித்தது. விளக்கைப் போட்டவுடன் ரேடியோ கரகரக்கிறதா என்று துறைமுகத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

பிறகு லித்தியம்

“இவ்வளவு கஷ்டம் எதற்கு? லித்தியம் வாங்கி வைத்தால் தீர்ந்தது!” என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 முதல் 30 கிலோ இருக்கும், லித்தியம் ஏறக்குறைய 12 கிலோ. 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தாலும் அது தாங்கும். ஈய பேட்டரிக்குக் கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும், லித்தியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. படகுகளில் வைக்கப்படுவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இதைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் குட்எனஃபுடன் பெயர் போட்டவர்கள் பாதி, நஞ்சுண்டசாமி என்ற இருவர். மற்ற பல லித்தியம் வகைகளைவிட இது எளிதில் தீப்பற்றாது.

ஆனால் சிக்கல் பேட்டரிக்கு வெளியே இருக்கிறது.

ஈய பேட்டரி நிரம்ப நிரம்ப, வாங்கும் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியமோ கொடுத்ததையெல்லாம் கடைசிவரை வாங்கும். சின்ன டீசல் எஞ்சினில் இருக்கும் ஆல்டர்னேட்டர் இப்படி முழு மூச்சில் ஓட உருவாக்கப்பட்டதல்ல. சூடேறிக் கருகிப்போகும்.

இன்னொன்று. லித்தியம் பேட்டரிக்குள் காவல்காரன் மாதிரி ஒரு மின்சுற்று இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தால் அது சட்டென்று இணைப்பைத் துண்டிக்கும். பேட்டரியைக் காப்பாற்ற அது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திடீரென்று போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறும். டயோடுகள் போகும், கூடவே மற்ற கருவிகளும் போகலாம். படகு அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? கப்பல்கள் வரிசையாகப் போகும் இங்கிலீஷ் கால்வாயிலாகக்கூட இருக்கலாம். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை விளக்கு எரியவேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. இருட்டில் விளக்கில்லாத சிறு படகைப் பெரிய கப்பலின் மாலுமி எப்படிப் பார்ப்பார்?

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பத் தனியாக ஓர் ஈய பேட்டரி. அதிலிருந்து லித்தியத்துக்கு அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர். பேட்டரிக்கு மிக அருகில், ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்தாலும் அறுத்துவிடக்கூடிய தரமான ஃபியூஸ். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் தடுப்பு. படகுகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.பி.ஒய்.சி. 2022இல் லித்தியத்துக்கென்றே இ-13 என்ற தனித் தரம் கொண்டுவந்தது. இணைப்பைத் துண்டிக்கும் முன் எச்சரிக்கை ஒலியோ ஒளியோ வரவேண்டும் என்கிறது அது.

எனவே லித்தியத்தின் விலை என்பது பேட்டரிப் பெட்டியின் விலை மட்டுமல்ல. சார்ஜர், ஃபியூஸ், கனமான கம்பி, வேலை தெரிந்தவரின் கூலி எல்லாம் சேர்ந்ததுதான். இந்த மொத்தத்துக்கும் பணம் இருப்பவர் தாராளமாக மாற்றட்டும். பெட்டிக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் அதை எல்.இ.டி. விளக்குக்கும் நுரைத் தகட்டுக்கும் சோலார் பேனலுக்கும் செலவழிப்பதே புத்திசாலித்தனம். செலவைக் குறைத்துவிட்டவருக்கு லித்தியம் வாங்கும்போதும் சின்னதே போதும். குறைக்காதவருக்கு எவ்வளவு பெரியது வாங்கினாலும் போதாது. ஓட்டைப் பானைக்குப் பதில் பெரிய ஓட்டைப் பானை வாங்கிய கதைதான்!

முதலில் குறை, அடுத்து உற்பத்தி செய், அதற்கப்புறம் சேமி. சிறு படகுக்கு இந்த வரிசைதான் சரி.