காலைத் தூக்கி நிற்கும் நாய்

பேத்தி ஒரு படப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, பாவம், இந்த நாய்க்குக் காலில் முள் குத்திவிட்டது!" என்றாள்.

பார்த்தேன். வெள்ளை உடம்பில் காவித் திட்டுகள், நீட்டிய மூக்கு, விறைத்த வால், முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில் நிற்கிறது. முள்ளுமில்லை, ஒன்றுமில்லை. அது இங்கிலாந்து தேசத்துப் 'பாயிண்டர்' நாய்.

சுட்டிக் காட்டுவது என்றுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நமக்கு விரல், அதற்கு மூக்கு. எதிர்க்காற்றை மோந்தபடி புதர்வெளியில் இங்குமங்கும் பறந்தோடும். எங்கோ பதுங்கியிருக்கும் கௌதாரியின் வாசனை பட்டதோ இல்லையோ, அப்படியே சிலையாகிவிடும். குரைக்காது, பாயாது. துப்பாக்கிக்காரர் வந்து சேரும் வரை காத்திருக்கும். பின்னால் வரும் இன்னொரு பாயிண்டர், முன்னது நிற்பதைக் கண்டால் தானும் மரியாதையாக நின்றுவிடும். 'நான்தான் முதலில் கண்டேன்' என்ற சண்டை கிடையாது!

இதில் அதிசயம் என்னவென்றால், நிற்கும் வித்தையை யாரும் அதற்குக் கற்பிப்பதில்லை. தவழ்ந்து திரியும் குட்டிகூடச் சில சமயம் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு காலைத் தூக்கி நிற்கும். அசையாமல் நிலைத்து நிற்கப் பழக்குவதுதான் மனிதர் செய்யும் வேலை. மற்றது ரத்தத்தில் வருவது. ஆகவே எந்தத் தாய்க்கு எந்தத் தகப்பனைச் சேர்ப்பது என்று தீர்மானிப்பவர் தலையில்தான் பாரம் அத்தனையும். சுமார் 63 நாளில் குட்டிகள் வந்துவிடும்; செய்த தீர்மானம் சரியா, தப்பா என்பது தெரிய ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.

1859-ம் வருஷம் ஜூன் மாதம் நியூகாஸில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. இந்தக் காலத்து நாய்க் கண்காட்சிகளுக்கெல்லாம் பாட்டி அதுதான். பாயிண்டர்களும், நீண்ட ரோமமுள்ள அதன் பங்காளியான 'செட்டர்'களும் மட்டுமே வந்தன. மொத்தம் 60 நாய்கள். பரிசு துப்பாக்கி. செட்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் பாயிண்டர் பரிசை வென்றது. பாயிண்டர்களுக்குத் தீர்ப்புச் சொன்னவரின் நாய் செட்டர் பரிசை வென்றது! மாமன் மச்சான் உறவு எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

வேடிக்கை இருக்கட்டும். சங்கடம் வேறு இடத்தில் ஆரம்பித்தது. கண்காட்சி வளையத்துக்குள் கௌதாரி ஏது? நடுவர் தலையைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார், தோளின் சரிவையும் நடையையும் பார்ப்பார். மூக்குக்குள் இருக்கும் சாமர்த்தியத்தை எப்படிப் பார்ப்பார்? 1865-ல் பெட்ஃபோர்டுஷயரில் வயல்வெளிப் போட்டி என்று ஒன்று தொடங்கினார்கள். அங்கே வேலைதான் பேச்சு. அழகை யார் கேட்டார்கள்? நாளடைவில் ஓர் இனத்துக்குள்ளேயே மேடைக்கு ஒரு குடும்பம், மேட்டுக்கு ஒரு குடும்பம் என்று பாகப்பிரிவினை ஆகிவிட்டது.

வளர்ப்பவரின் திண்டாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் ஈற்றில் இரண்டு பெண் குட்டிகள். ஒன்று சித்திரம் போல இருக்கிறது. ஆனால் பறவை வாசனை பட்டதும் பொறுக்காமல் பாய்ந்துவிடுகிறது. மற்றதற்கு முகம் சுமார், நின்றால் மலை. வம்சம் விளங்க எதை வைத்துக்கொள்வது? வெள்ளிக் கோப்பை முதலாவதைக் கேட்கும். வெறும் அழகுக்காகவே நாலைந்து தலைமுறை தேர்ந்தெடுத்தால், பாயிண்டர் என்ற பெயர்தான் மிஞ்சும். சுட்டிக் காட்டும் குணம் தேய்ந்து போகும். போன குணத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. கண்காட்சிகளில் மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் உயர்ந்த சான்றிதழ் வாங்கிய வேட்டை நாய்க்கு 'ஷோ சாம்பியன்' என்றுதான் பட்டம். வெளியில் இறங்கி வேலையும் தெரியும் என்று நிரூபித்தால்தான் வெறும் 'சாம்பியன்'. பட்டத்தில் ஒரு வார்த்தை குறைகிறது, கௌரவம் கூடுகிறது!

எல்லாவற்றையும் பேத்திக்கு விளக்கினேன். அவள் படத்தை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு, "நாயை மட்டும் போட்டுவிட்டுப் பறவையைப் போடாமல் விட்டால் எப்படித் தாத்தா?" என்று கேட்டாள்.

நியூகாஸிலில் அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி!