பெயர் மாறினால் வாசல் திறக்குமா?

கிண்டி ராஜ்பவனுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டின் கடைசியில் மத்திய சர்க்காரின் உத்தரவுப்படி நாடெங்கும் ராஜ்பவன்கள் "லோக் பவன்" ஆயின. ராஜாவின் மாளிகை போயிற்று, மக்களின் மாளிகை வந்தது என்று நம்மை மகிழச் சொல்கிறார்கள்.

மகிழ்வதற்கு முன் ஒரு கேள்வி. ராயபுரத்து மீனவர், துறைமுகத்துச் சுமைத் தொழிலாளி, எண்ணூர் ஆலைகளின் ஒப்பந்தக் கூலி ஆகியோரின் சார்பில் நாம் கேட்கிறோம்: பலகையை மாற்றியவர்கள் அதிகாரத்தை மாற்றினார்களா? அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்த்து வருவது வேறு. உடைமை என்பது வேறு. வீடு நம்முடையது என்றால் அதில் யார் குடியிருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

இந்த மாளிகை பெயர் மாற்றிக்கொள்வது முதல் தடவை அல்ல. 17ஆம் நூற்றாண்டில் கம்பெனி கவர்னர் லாங்ஹார்ன் கட்டிக்கொண்ட தோட்ட வீடு அது. அன்று அதற்குப் பெயர் கிண்டி லாட்ஜ். பல கைகள் மாறிய பிறகு, தாமஸ் மன்றோ கவர்னராக இருந்த 1821இல், ரூ. 35,000 கொடுத்துக் கம்பெனி சர்க்கார் அதை வாங்கிற்று. ரயத்துவாரி முறையில் உழவனிடம் நேரடியாக வரி கறந்த காலம் அது. கவர்னர் ஓய்வெடுக்கக் காட்டோடு கூடிய மாளிகை கிடைத்தது; உழவனுக்குக் கிடைத்தது ஜப்தி நோட்டீஸ். பின்னர் அது கவர்ன்மெண்ட் ஹவுஸ் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின் ராஜ்பவன் ஆயிற்று. இப்போது லோக் பவன். பெயர்கள் நான்கு. கேட் ஒன்றுதான்!

அந்தத் துரைகளுக்கு ஒரு மாளிகை போதவில்லை. திருவல்லிக்கேணிப் பக்கம் 1753இல் வாங்கிய வீடு நகர வாசத்துக்கு. அதன் பக்கத்தில் 1802இல் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் கட்டிய விருந்து மண்டபம். எதற்காக அந்த மண்டபம்? பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நம்மவரைத் தோற்கடித்த வெற்றியைக் கொண்டாட! திப்பு வீழ்ந்த மூன்றாம் ஆண்டில் அவர்கள் அங்கே விருந்துண்டு நடனமாடினார்கள். இன்று அதுதான் ராஜாஜி மண்டபம்.

கோடையில் தங்க ஊட்டியில் இன்னொரு மாளிகை. அதைக் கட்டியது பக்கிங்ஹாம் கோமகன் கவர்னராக இருந்த காலம். அது எந்தக் காலம் தெரியுமா? 1876–78 தாது வருஷப் பஞ்சக் காலம்! எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் நம் குடிசைகளை ஒட்டி ஓடுகிற கால்வாய்க்கு அந்தக் கோமகனின் பெயர்தான். அதன் ஒரு பகுதியை, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் நிவாரண வேலையாக வெட்டினார்கள். பஞ்ச வேலைக்கு அன்று சர்க்கார் விதித்த கூலி நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். வெட்டியவன் பெயர் எங்கும் இல்லை. வெட்டச் சொன்னவன் பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் வைக்கும் இந்த வித்தையை வடசென்னைக்காரன் நன்றாக அறிவான். நமது ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பாருங்கள். 1780களின் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. அதனால்தான் பெரியவர்கள் அதைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றார்கள். 1930களில் அதற்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்கள். மக்களின் கஞ்சித் தொட்டிக்குக் கவர்னரின் பெயர். இன்று கவர்னரின் மாளிகைக்கு மக்களின் பெயர்! இரண்டு பெயரும் மக்களைக் கேட்டு வைத்தவை அல்ல.

போகட்டும், மாளிகைக்குள் நடப்பதாவது மாறிற்றா? 1952 தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து, பிரகாசம் தலைமையில் அமைத்த ஐக்கிய ஜனநாயக முன்னணி 166 பேரின் ஆதரவைக் கூறி மந்திரிசபை அமைக்க உரிமை கோரிற்று. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, மந்திரிசபை அமைக்க அவரை அழைத்தார். 1959இல் கேரளத்து இ.எம்.எஸ். மந்திரிசபை கலைக்கப்பட்டதற்குக் கவர்னரின் அறிக்கையே சாக்கு. 1991இல் தமிழகத்தில் கவர்னர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அப்போதும் மந்திரிசபை கலைக்கப்பட்டது! டில்லிக்கு இசைந்தால் கவர்னர் கருவி. இசையாவிட்டால் அவர் தேவையே இல்லை.

நமது காலத்துக்கு வருவோம். சட்டசபை நிறைவேற்றிய 10 மசோதாக்களைக் கவர்னர் முடக்கினார். 2023 நவம்பர் 18இல் சட்டசபை அவற்றை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியும் அவர் ஒப்புதல் தரவில்லை; ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டார். அது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 8இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால், அதே ஆண்டு நவம்பர் 20இல், கவர்னருக்குக் கோர்ட்டுகள் கெடு விதிக்க முடியாது என்று அதே கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் கருத்துரைத்தது. சில நாட்களுக்குள் வந்தது மாளிகையின் பெயர் மாற்றம்! மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபையின் மசோதாவை, ஒரு ஓட்டும் வாங்காதவர் தடுத்து வைக்கலாம். அவர் தடுத்து வைக்கும் இடத்துக்குப் பெயர் மக்கள் மாளிகை. என்னே வேடிக்கை!

"பதவிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? மாளிகை இல்லாமல் முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். முதன்மந்திரி காமராஜர் தியாகராய நகரில் வாடகை வீட்டில் வாழ்ந்தாரே, ராஜ்யத்தின் கௌரவம் குறைந்துவிட்டதா? 1952இல் வண்ணாரப்பேட்டைத் தொழிலாளர் சட்டசபைக்கு அனுப்பிய தோழர் ஜீவா தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்தாரே, அவர் பேச்சின் கம்பீரம் குறைந்துவிட்டதா? கௌரவம் கட்டடத்தில் இல்லை; மக்களின் நம்பிக்கையில் இருக்கிறது.

கிண்டியில் மானும் ஆலமரமும் சூழ 150 ஏக்கருக்கும் மேலான வளாகம். இங்கேயோ 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சுத் திணற ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். ஒரே நகரத்தின் தெற்கும் வடக்கும் இவை!

மாளிகை மக்களுடையதாக வழியே இல்லையா? இருக்கிறது. அண்ணா சாலையிலேயே சாட்சி நிற்கிறது. பழைய கவர்ன்மெண்ட் ஹவுஸ் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. 2010இல் திறந்த அந்த வளாகம், ஆட்சி மாறியதும் ஆஸ்பத்திரியாக்கப்பட்டு 2014இல் நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டது. இரு கட்சிகளின் போட்டியில் விளைந்தது அது. தொழிலாளியை நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும், துரைமார் உலவிய மண்ணில் இன்று ஏழை நோயாளிக்குப் படுக்கை கிடைக்கிறது. பலகை அல்ல, படுக்கைதான் அந்த இடத்தை மக்களுடையதாக்கிற்று!

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. கவர்னர் பதவியை ஒழியுங்கள். ஒழிக்கும் வரையில், சட்டசபையின் மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தைப் பறியுங்கள். மாளிகைகளின் செலவுக் கணக்கை மக்கள் முன் வையுங்கள். மரங்களும் மான்களும் பக்கத்துத் தேசியப் பூங்காவோடு சேரட்டும். கட்டடம் பள்ளியாகவோ நூலகமாகவோ ஆஸ்பத்திரியாகவோ பயன்படட்டும். அன்றைக்கு அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எவரும் டில்லியிலிருந்து உத்தரவு போட வேண்டியதில்லை. கஞ்சித் தொட்டிக்குப் பெயர் வைத்த ஜனங்களுக்கு அதற்கும் பெயர் வைக்கத் தெரியும்.